கொதிக்க வைத்தாலும் போகாத கடல் விஷம்... சிப்பி, மட்டி சாப்பிடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

1987, நவம்பர் மாதக் கடைசி. கனடாவில் குளிர்காலம் தொடங்கியிருந்த நேரம். கியூபெக், நியூ பிரன்ஸ்விக் மாகாணங்களில் உள்ள மருத்துவமனைகளுக்கு வாந்தி, வயிற்றுப்பிடிப்பு, பேதி என்று அடுத்தடுத்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பார்த்தவுடன் வழக்கமான 'ஃபுட் பாய்சன்' மாதிரிதான் தெரிந்தது. மருந்து கொடுத்து, உப்பு நீர் ஏற்றினால் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று எண்ணும்படியான தொந்தரவு.

ஆனால், சிலருக்குச் சரியாகவில்லை. கடுமையான தலைவலி வந்தது. குழப்பம் வந்தது. சிலருக்கு வலிப்பு வந்தது, சிலர் கோமாவுக்கே போனார்கள். பிழைத்து எழுந்தவர்களில் சிலரிடம் மருத்துவர்கள் கண்டதுதான் எல்லோரையும் திகைக்க வைத்தது. அவர்களால் நன்றாகப் பேச முடிந்தது. சொல்வதைப் புரிந்துகொள்ள முடிந்தது. ஆனால், புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. சற்று முன்பு நடந்தது அப்படியே அழிந்துபோயிற்று.

மொத்தம் 107 பேர் பாதிக்கப்பட்டதாகப் பின்னர் உறுதி செய்யப்பட்டது. அவர்களில் நான்கில் ஒருவருக்கு ஞாபகக் குறைவு. 12 பேருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்பட்டது. 3 பேர் இறந்துபோனார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு விஷயம். பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வளர்க்கப்பட்ட 'மஸல்' எனும் கருநீலச் சிப்பியைச் சாப்பிட்டிருந்தார்கள். கெட்டுப்போன சிப்பி இல்லை. நாற்றமில்லை, நிறம் மாறவில்லை, ருசியும் குறையவில்லை. நன்றாக வேகவைத்துச் சாப்பிட்ட சிப்பி!

சுண்டெலி சொன்ன துப்பு

சிப்பியில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க அந்தக் காலத்தில் ஒரு பழைய முறை இருந்தது. சிப்பியின் சதையிலிருந்து சாறு எடுத்துச் சுண்டெலிக்கு ஊசி போட்டுப் பார்ப்பார்கள். பக்கவாத நஞ்சு இருந்தால் எலி மூச்சுத்திணறிச் சாகும். அது எல்லோருக்கும் தெரிந்த அடையாளம்.

பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பியின் சாற்றைப் போட்டபோது, எலிகள் வேறு மாதிரி நடந்துகொண்டன. பின்னங்காலைத் தூக்கித் தோள்பட்டையைத் திரும்பத் திரும்பச் சொரிந்தன. பிறகு செத்தன. இதுவரை பார்த்திராத நஞ்சு இது என்று விஞ்ஞானிகளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

ஹாலிஃபாக்ஸ் நகரில் இருந்த தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் இரவு பகலாக வேலை நடந்தது. சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி எலியைக் கொல்கிறது என்று தேடினார்கள். ஐந்தே நாளில் ஆள் அகப்பட்டது. டோமோயிக் அமிலம்!

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. டோமோயிக் அமிலம் உலகத்துக்குப் புதியதே இல்லை. ஜப்பானின் தெற்குத் தீவுகளில் 'டோமோய்' என்ற சிவப்புக் கடற்பாசியைக் குடல்புழு நீங்குவதற்கு நாட்டு மருந்தாகக் கொடுப்பார்கள். அந்தப் பாசியிலிருந்து 1950-களிலேயே ஜப்பானிய விஞ்ஞானிகள் பிரித்தெடுத்த பொருள்தான் இது; பெயரும் அந்தப் பாசியின் பெயரே. சிறு அளவில் புழு மருந்தாக இருந்த பொருள், சிப்பிக்குள் சேர்ந்து குவிந்தபோது மூளையைத் தின்னும் நஞ்சாகிவிட்டது.

நம் மூளையில் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள குளூட்டமேட் என்ற பொருளைப் பயன்படுத்துகின்றன. டோமோயிக் அமிலம் அதைப் போலவே வேஷம் போட்டு உள்ளே நுழைகிறது. அணுக்கள் ஓயாமல் தூண்டப்பட்டு, அந்த வேகத்திலேயே செத்துப்போகின்றன. புதிய நினைவுகளைப் பதிவுசெய்யும் 'ஹிப்போகேம்பஸ்' பகுதிதான் அதிகம் அடிபடுகிறது. போன நினைவு திரும்ப வராமல் போனதற்குக் காரணம் அதுதான்.

சிப்பிக்குள் விஷம் வந்தது எப்படி?

சிப்பி விஷத்தைத் தானாகச் செய்வதில்லை. அதற்குக் காரணம் அதன் சாப்பாட்டு முறை.

மீன் இரை தேடிப் போகும். சிப்பியும் மட்டியும் ஆளியும் இருந்த இடத்திலேயே இருக்கும். கடல்நீரை உள்ளே இழுத்து, வடிகட்டி, அதில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளைத் தின்றுவிட்டுத் தண்ணீரை வெளியே விடும். ஒரு சிப்பி ஒரு நாளில் பல லிட்டர் தண்ணீரை இப்படி வடிகட்டுகிறது.

அந்த நுண்பாசிகளில் ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. பெரும்பாலானவை சாது. சிலவகை மட்டும் நஞ்சு சுரப்பவை. வெயில், தண்ணீரின் சூடு, ஆற்று வெள்ளம் கொண்டுவந்து கொட்டும் சத்துகள் எல்லாம் தோதாக அமைந்துவிட்டால் அந்தப் பாசிகள் திடீரென்று பல மடங்கு பெருகிவிடும். அந்த நேரத்தில் சிப்பி வடிகட்டித் தின்பது முழுக்க விஷப் பாசி. சிப்பியைப் பொதுவாக அது ஒன்றும் செய்வதில்லை. சதையில் சேர்ந்துகொண்டே போகிறது. சிப்பியைத் தின்கிற நமக்குத்தான் ஆபத்து.

கடல் சிவந்தால்தான் விஷம் என்று பலர் நினைக்கிறார்கள். 'செந்நீர் அலை' என்ற பெயரே அதனால் வந்ததுதான். ஆனால், தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவாக இருக்கும்போதும் சிப்பியில் நஞ்சு இருக்கலாம். எதிர்ப்புறமும் உண்மை. 2019 ஆகஸ்ட் மாதம் சென்னை பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரைகளில் அலைகள் நீல நிறத்தில் மின்னியதை வீடியோ எடுத்துப் போட்டோமே, நினைவிருக்கிறதா? அதைச் செய்தது 'நாக்டிலூகா' என்ற நுண்ணுயிர். அது பெருகினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாகக்கூடும். நாம் இங்கே பேசுகிற சிப்பி நஞ்சுகளை அது சுரப்பதில்லை. ஆக, கடலின் நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அதே ஆண்டில் இன்னொரு கடற்கரை

கனடாவில் அந்தச் சம்பவம் நடப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 1987 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் பசிபிக் கடற்கரையில் இன்னொரு துயரம் நடந்தது. அதை உலகம் அவ்வளவாகப் பேசவில்லை.

கடற்கரை மணலில் கிடைக்கும் சிறு மட்டிகளை அள்ளிவந்து சூப் வைத்துக் குடித்த குடும்பங்கள் அவை. 187 பேர் பாதிக்கப்பட்டார்கள். 26 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்ட ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேர் பிழைக்கவில்லை. பெரியவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். ஒரே சட்டிச் சூப், ஒரே வீடு. சின்ன உடம்புக்கு அந்த அளவைத் தாங்க முடியவில்லை.

இங்கே கொன்றது 'சாக்ஸிடாக்ஸின்' என்ற நஞ்சு. சிப்பி நஞ்சுகளிலேயே மிகக் கொடியது இதுதான். நரம்பில் செய்தி ஓட வேண்டுமென்றால் சோடியம் அணுக்கள் நுழைய ஒரு வாசல் திறக்க வேண்டும். சாக்ஸிடாக்ஸின் அந்த வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். செய்தி போகாது. முதலில் உதடு மரத்துப்போகும். பிறகு நாக்கு, முகம், விரல்நுனி. அடுத்து கை, கால். கடைசியில் மூச்சுவிடும் தசைகள் நின்றுபோகும். பல நேரங்களில் ஆளுக்கு அதுவரை சுயநினைவு இருக்கும் என்பதுதான் கொடுமை.

இந்த விஷத்தின் வீரியத்துக்கு ஒரு சாட்சி. 1960-ல் சோவியத் நாட்டின் மேல் பறந்து சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க உளவு விமானி கேரி பவர்ஸ், பிடிபட்டால் உயிரை மாய்த்துக்கொள்வதற்காக ஒரு வெள்ளி நாணயத்துக்குள் மறைத்து வைத்திருந்த ஊசியில் இருந்தது இதே நஞ்சுதான். அவர் அதைப் பயன்படுத்தவில்லை.

மனிதர்கள் இதற்குப் பலியாவதும் நேற்று இன்று தொடங்கியதில்லை. 1793-ல் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் கப்பலில் வந்தவர்கள் கனடாவின் மேற்குக் கரையில் காலைச் சாப்பாடாகச் சிப்பியைச் சுட்டுத் தின்றார்கள். ஜான் கார்ட்டர் என்ற மாலுமி அன்றே இறந்துபோனார். அந்த இடத்துக்கு 'விஷக் குடா' என்று வான்கூவர் வைத்த பெயர் இன்றும் வரைபடத்தில் இருக்கிறது. 1927-ல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 102 பேர் பாதிக்கப்பட்டு 6 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் நடந்த ஆராய்ச்சியில்தான் சிப்பிக்கும் நுண்பாசிக்கும் உள்ள உறவு வெளிச்சத்துக்கு வந்தது.

நம் கடற்கரையில் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டிலேயே!

1981-ல் தமிழ்நாட்டில் மட்டி சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 3 பேர் இறந்தார்கள். முகத்துவாரங்களிலும் கழிமுகங்களிலும் சேற்றைத் துழாவி அள்ளுகிற, நம் மீனவக் குடும்பங்களுக்கு நன்கு பழக்கப்பட்ட மட்டி அது. இரண்டு ஆண்டுகள் கழித்து 1983-ல் மங்களூர் அருகே அதே மாதிரி ஒரு சம்பவம். ஒரு குழந்தை இறந்தது.

1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞம் பகுதியில் நடந்தது இவற்றைவிடப் பெரியது. பாறைகளில் ஒட்டி வளரும் பழுப்புச் சிப்பியைச் சாப்பிட்டவர்களில் 7 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 500 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். விழிஞ்ஞத்திலிருந்து நம் கன்னியாகுமரி மாவட்டம் எவ்வளவு தூரம்? குளச்சல், கடியபட்டணம் பக்கம் மூச்சடக்கிக் கடலில் மூழ்கிப் பாறையிலிருந்து பெயர்த்தெடுத்து வருவதும் இதே வகைச் சிப்பிதான்.

இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக இல்லை. நம் கரையில் இப்படி நடப்பது அபூர்வம்தான். ஆனால், அபூர்வமாக நடப்பதாலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. யாருக்கும் உடனே சந்தேகம் வருவதில்லை. 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, வாயுத் தொல்லை' என்று வீட்டிலேயே ஒரு மணி நேரத்தைக் கடத்திவிடுகிறோம். இந்த விஷயத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் உயிர்.

எத்தனை வகை?

சிப்பி நஞ்சுகளை, அவை உடம்பில் என்ன செய்கின்றன என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள்.

* பக்கவாத நஞ்சு: சாக்ஸிடாக்ஸின். பெரும்பாலும் அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அறிகுறி தெரியும். மூச்சு நிற்கும் அபாயம் உண்டு.

* ஞாபகமறதி நஞ்சு: டோமோயிக் அமிலம். 24 மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப்பிடிப்பு. 48 மணி நேரத்துக்குள் தலைவலி, குழப்பம், ஞாபகக் குறைவு. வயதானவர்களை அதிகம் பாதிக்கிறது.

* வயிற்றுப்போக்கு நஞ்சு: ஒகடாயிக் அமிலம். 1970-களில் ஜப்பானில் அடையாளம் காணப்பட்ட நோய். பேதி, வாந்தி, வயிற்றுவலி. சுமார் மூன்று நாளில் சரியாகிவிடும்.

* நரம்பு நஞ்சு: பிரெவிடாக்ஸின். அமெரிக்காவின் ஃபுளோரிடா பக்கம் அதிகம். சூடு குளிர்ச்சியாகவும் குளிர்ச்சி சூடாகவும் தோன்றும் விசித்திரமான அறிகுறி இதில் உண்டு.

* அசாஸ்பிராசிட்: 1995-ல் அயர்லாந்துச் சிப்பியைச் சாப்பிட்ட நெதர்லாந்துக்காரர்களுக்கு வந்த வயிற்றுத் தொந்தரவில் தெரியவந்தது.

பறவைகளுக்கும் பிடித்த பித்து

1961 ஆகஸ்ட் மாதம் ஒரு விடியற்காலை. கலிஃபோர்னியாவின் கேப்பிடோலா பகுதியில் ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் தறிகெட்டுப் பறந்துவந்து வீடுகளிலும் விளக்குக் கம்பங்களிலும் மோதி விழுந்தன. அந்தப் பக்கம் வீடு வைத்திருந்த இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இந்தச் செய்தியில் ஆர்வம் காட்டினார். 1963-ல் அவருடைய 'தி பேர்ட்ஸ்' திரைப்படம் வந்தது.

அப்போது காரணம் தெரியவில்லை. 1991-ல் அதே மாண்டரே விரிகுடாவில் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் செத்து விழுந்தபோது சோதித்தால், டோமோயிக் அமிலம்! நுண்பாசியைத் தின்ற நெத்திலியைப் பறவைகள் தின்றிருந்தன. 1961-ல் சேகரித்துப் பாதுகாத்து வைத்திருந்த மிதவை உயிரிகளின் வயிற்றிலும் இதே நஞ்சைச் சுரக்கும் பாசிகள் இருந்ததைப் பிற்பாடு ஆய்வாளர்கள் கண்டார்கள்.

அடுப்படி நம்பிக்கைகள்... உண்மை என்ன?

'நன்றாகக் கொதித்தால் எதுவும் செத்துவிடும்.'
கிருமிகளுக்கு இது சரி. காலரா வகைக் கிருமிகள், மஞ்சள்காமாலை வைரஸ் போன்றவை சிப்பியிலும் இருக்கும். நன்றாக வேகவைத்தால் அந்த ஆபத்து நீங்கும். ஆனால், நாம் பேசுவது கிருமியைப் பற்றி இல்லை, ரசாயனத்தைப் பற்றி. குக்கரில் வைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் ஃப்ரீசரில் வைத்தாலும் இது மிஞ்சும்.

'வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும்.'
சாக்ஸிடாக்ஸின் தண்ணீரில் கரையும். அதனால் கொஞ்சம் தண்ணீரில் இறங்கும். சதையில் மிச்சமும் இருக்கும். சூப்பாகக் குடித்தால் இரண்டுமே வயிற்றுக்குள் போகும்.

'புளி, எலுமிச்சை, மஞ்சள், பூண்டு சேர்த்தால் முறிந்துவிடும்.'
முறியாது. புளிப்பில் சாக்ஸிடாக்ஸின் அழிவதில்லை. பூண்டு கறுத்தால் விஷம், வெள்ளிக்கரண்டி கறுத்தால் விஷம் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை.

'உயிரோடு இருக்கிறதா, வாய் மூடுகிறதா என்று பார்த்து வாங்கினேன்.'
நல்ல பழக்கம்தான். அது சிப்பி புதிதா என்பதை மட்டும் சொல்லும். விஷமுள்ள சிப்பியும் உயிரோடு, திடகாத்திரமாகத்தான் இருக்கும்.

'போன வாரம் இதே இடத்தில் எடுத்துச் சாப்பிட்டோமே.'
போன வாரத்துக் கடல் வேறு, இந்த வாரத்துக் கடல் வேறு. சில நாள்களில் நிலைமை தலைகீழாகிவிடும். பல வகைச் சிப்பிகள் சில வாரங்களில் நஞ்சைக் கழித்துவிடும். வட அமெரிக்காவின் 'பட்டர் கிளாம்' போன்ற மட்டி இரண்டு ஆண்டுகள்வரை வைத்திருக்கும்.

இறால், நண்டு, மீன்?

இறாலும் நண்டும் சிப்பி மாதிரி தண்ணீரை வடிகட்டித் தின்பவை இல்லை. அவற்றின் சதையில் இந்த நஞ்சு சேர்வது மிகக் குறைவு. ஆனால், நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் குடல், ஈரல் பகுதிகளில் சேரக்கூடும். 2015-ல் கலிஃபோர்னியாவில் டோமோயிக் அமிலம் காரணமாகவே நண்டுப் பிடிப்பு பருவத்தைத் தள்ளிவைத்தார்கள். நண்டு சுத்தம் செய்யும்போது உள்ளே இருப்பதை நீக்கிவிட்டுச் சமைப்பது எப்போதுமே நல்லது. பவளப்பாறைகளில் வாழும் பளிச்சென்ற வண்ண நண்டுகள் சில தாமே கொடிய நஞ்சுள்ளவை. சந்தைக்கு வராத, பெயர் தெரியாத நண்டைப் பிடித்துச் சமைக்கவே கூடாது.

அறிகுறி தெரிந்தால் என்ன செய்வது?

சிப்பி, மட்டி சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் உதடு, நாக்கு, முகம், விரல்நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்வோ மரத்துப்போவதோ தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. காற்றில் மிதப்பது போன்ற உணர்வு, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், நடை தள்ளாட்டம், மூச்சுத்திணறல் எல்லாமே எச்சரிக்கை மணி.

* உடனே 108-ஐ அழையுங்கள். அல்லது செயற்கைச் சுவாச வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாதிக்கப்பட்டவரே வண்டி ஓட்ட வேண்டாம்.

* கட்டாயப்படுத்தி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தண்ணீர், மோர் என்று வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசைகள் செயலிழந்திருந்தால் புரையேறி மூச்சை அடைக்கும்.

* 'சிப்பி சாப்பிட்டார்' என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எப்போது, எவ்வளவு, எங்கே வாங்கியது என்பதும் முக்கியம்.

* மிச்சக் குழம்பையும் சமைக்காத சிப்பியையும் கொட்டிவிடாமல் பத்திரப்படுத்துங்கள். சோதனைக்கு உதவும்.

* அதே சட்டியில் சாப்பிட்ட எல்லோரையும், முக்கியமாகக் குழந்தைகளை, கவனியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் அதே இடத்தில் வாங்கியிருந்தால் சொல்லிவிடுங்கள்.

சாக்ஸிடாக்ஸினுக்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால், நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு. மூச்சு நிற்காமல் இயந்திரத்தின் மூலம் தாங்கிப் பிடித்தால், உடம்பு தானாகவே நஞ்சைச் சிறுநீர் வழியாக வெளியேற்றிவிடும். முதல் 12 முதல் 24 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் முழுமையாகத் தேறிவிடுவார்கள். மருத்துவமனைக்கு ஓடுவதன் மதிப்பு இங்கேதான்.

அப்படியானால் சிப்பியே வேண்டாமா?

அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. புரதம், இரும்பு, துத்தநாகம், பி12 எல்லாம் நிறைந்த, ஏழைக்கும் எட்டுகிற சத்துணவு அது. அதை அள்ளி விற்கிற பெண்களின் அடுப்பு எரிவதும் அதனால்தான்.

பிரின்ஸ் எட்வர்ட் தீவையே பாருங்கள். 1987-ல் 'இனி அந்தத் தீவின் சிப்பியை யார் வாங்குவார்கள்?' என்று கேட்டிருப்பார்கள். இன்று கனடாவின் வளர்ப்புச் சிப்பியில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. காரணம், சம்பவத்துக்குப் பிறகு தண்ணீரையும் சிப்பியையும் விடாமல் சோதிக்கத் தொடங்கினார்கள். ஒரு கிலோ சதையில் டோமோயிக் அமிலம் 20 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தப் பகுதியில் அறுவடை நிறுத்தம். சாக்ஸிடாக்ஸினுக்கு வரம்பு ஒரு கிலோவுக்கு வெறும் 0.8 மில்லிகிராம். பல நாடுகள் பின்பற்றும் அளவுகள் இவை. 2024 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தாங்களே சிப்பி பொறுக்கிச் சாப்பிட்ட பலர் நோயுற்றபோது, அங்கே கடற்கரை முழுவதும் சிப்பி எடுக்கத் தடை போட்டார்கள்.

நம்மிடமும் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் கடலில் பாசி பெருகுவதைக் கண்காணித்துத் தகவல் தருகிறது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்துவருகிறது. ஏற்றுமதியாகும் சிப்பிக்குச் சோதனை உண்டு. விடியற்காலையில் முகத்துவாரத்தில் அள்ளி, மதியத்துக்குள் தெருவில் கூறு போட்டு விற்று, இரவு நம் வீட்டுச் சட்டிக்கு வந்துவிடுகிற மட்டிக்கும் அந்தச் சோதனையின் பலன் வந்து சேர வேண்டும். எச்சரிக்கை ஆய்வகத்திலிருந்து புறப்பட்டு, மட்டி அள்ளும் கைக்கு அன்றே போய்ச் சேரும் வழி இருந்தால்தான் அது எச்சரிக்கை.

அதுவரை நாம் செய்யக்கூடியது இதுதான். தெரிந்த இடத்தில், தெரிந்தவரிடம் வாங்குங்கள். கடல் நிறம் மாறியிருக்கிறது, மீன் செத்து ஒதுங்குகிறது என்று கேள்விப்பட்டால் அந்தப் பக்கத்துச் சிப்பியைச் சில வாரம் தள்ளிவையுங்கள். சுற்றுலா போன இடத்தில் பாறையில் ஒட்டியிருப்பதைப் பெயர்த்துச் சமைக்காதீர்கள். முதல் கவளத்திலேயே உதடு மரத்தால், 'காரமாக இருக்கும்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்திருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் குழந்தையின் தட்டையும்!